தகரத்துக்கு அந்தப் பக்கம்

எங்கள் தெருவின் கடைசியில் அண்ணன் வீடும் தம்பி வீடும் ஒட்டி நிற்கும். அவர்கள் அப்பா கட்டிய ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள், பின்புறத்து மாட்டுக் கொட்டகைக்கு வந்தபோது செங்கல் தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, குறுக்கே இரண்டு கழியைக் கட்டியதோடு விட்டுவிட்டார்கள். கழிக்கு இந்தப் பக்கம் அண்ணனுடைய மாடுகள், ஒரு கருப்பும் ஒரு செவலையும். அந்தப் பக்கம் தம்பியின் மயிலை. கொட்டகைக்குப் பின்னால் இருவருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைத் தாண்டினால் சோளம் அறுத்த கொல்லை. கொல்லை முடியும் இடத்தில் காடு. நான் எதிர் வரிசையில் குடியிருப்பவன். எதற்கு வம்பு என்று காலைப் பாலை அண்ணன் வீட்டிலும் மாலைப் பாலைத் தம்பி வீட்டிலும் வாங்கினேன். அதனால் இரண்டு வீட்டாரும் என்னைச் சந்தேகப்பட்டார்கள்.

மூத்தவள், இளையவள் என்றால் எங்கள் தெருவில் அந்த வீட்டு மருமகள்கள்தான். மூத்தவள் உழைப்பாளி. விடிந்து வெளிச்சம் வருவதற்குள் சாணி அள்ளி, கொட்டகை கழுவி, பால் கறந்து, கேனை வண்டியில் ஏற்றிப் புருஷனைப் பால் நிலையத்துக்கு அனுப்பிவிடுவாள். ஆனால் யாரையும் நம்ப மாட்டாள். பால் அளந்து ஊற்றும்போது அவள் கண் பாலில் இருக்காது, வாங்குகிறவன் முகத்தில் இருக்கும். இளையவள் சிரித்த முகம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவள் வளர்த்த கோழிகளுக்குக் கழி ஒரு தடையே இல்லை, குனிந்து நுழைந்து மூத்தவள் கொட்டகையில்தான் பகல் முழுக்க இருக்கும்.

இருவரும் நேருக்கு நேர் பேசி வெகு காலம் ஆகியிருந்தது. அதற்காகப் பேசாமல் இருந்த நாளும் கிடையாது. எல்லாவற்றையும் மாட்டிடம் சொல்வார்கள்.

"ஏ செவலை, அடுத்தவ வீட்டுத் தவிட்டைத் தின்னு கொழுக்கறதுக்குன்னே சில பேரு கோழி வளக்குறாங்க, தெரியுமா உனக்கு?"

"அடியே மயிலை, கோழி போட்ட முட்டை எங்க போச்சுன்னு கோழிக்கா தெரியும்? தின்னு முடிச்சவங்களைத்தான கேக்கணும்?"

மாடுகள் இரண்டும் நடுநிலையோடு அசைபோட்டுக்கொண்டிருக்கும். முட்டைப் பேச்சு வந்த அன்று மூத்தவளுக்கு உச்சி கொதித்துவிட்டது. அவள் வைக்கோலில் கோழி முட்டையிட்டது உண்மை. அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை என்பதும் உண்மை. எடுத்தது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்குப் பூனை மேல்தான் சந்தேகம். அன்று மத்தியானமே பழைய தகரங்களைக் கொண்டுவந்து, தரையிலிருந்து கூரைவரை ஒரு விரல் நுழைய இடமில்லாமல் புருஷனை வைத்து அடித்துவிட்டாள். அடித்து முடித்து, வெட்டுப்பட்ட விரலில் துணி சுற்றிக்கொண்டே அவர் கேட்டார்:

"இப்ப நிம்மதியா?"

"உங்க தம்பி பொண்டாட்டி கண்ணு இந்தப் பக்கம் விழாதுல்ல, அது போதும்."

அதற்குப் பிறகு வந்த கோடை சாதாரணக் கோடை இல்லை. காற்று அடித்தால் முகத்தில் மணல் அப்பும். காட்டுக்குள் ஓடை வற்றிவிட, மான்கள் பட்டப்பகலில் கொல்லை வழியாகத் தொட்டிக்கு வர ஆரம்பித்தன. விலா எலும்பு தெரிய, கூட்டமாக நின்று தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டகை நிழலிலேயே படுத்துக்கொள்ளும். வேலியில் உடம்பைத் தேய்க்கும். மனுஷன் போனாலும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் காதை மட்டும் ஆட்டும். பாவம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் கருப்பு மாடு தீனி தின்னாமல் நின்றது. உடம்பு அனலாகக் கொதித்தது. அண்ணன் வண்டியை எடுத்தார்.

"டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

"வேண்டாம். மாட்டு டாக்டர் வண்டி வாசல்ல நின்னா தெருவுக்கே தெரியும். சீக்கு மாட்டுப் பாலுன்னு அவ ஊரெல்லாம் சொல்லிடுவா. வெயில் சூடுதான், தணிஞ்சிடும்."

தணியவில்லை. கருப்பு படுத்தது, பெருமூச்சு விட்டது, மூக்கிலிருந்து வெள்ளையாக நுரை தள்ளியது. பிறகு காலை நீட்டிவிட்டது. மூத்தவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா?"

"என்னத்தை?"

"நுரை தள்ளிச் செத்திருக்கு. எது தின்னா நுரை தள்ளும்?"

அண்ணன் செத்த மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். அந்தக் கேள்வி, இளையவள் விஷம் வைத்துவிட்டாள் என்ற பதிலோடு, சாயங்காலத்துக்குள் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. தகரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனது. மறுநாளிலிருந்து மூத்தவளின் தவிட்டுப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. வைக்கோல் போர் வீட்டுக்குள்ளேயே ஏறியது. மனுஷர் படுக்க இடமில்லை. பொதுத் தொட்டிப் பக்கமே போகாமல், தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து செவலைக்குத் தண்ணீர் காட்டினாள். செவலை சினையாக இருந்தது, பால் இன்னும் வற்றவில்லை. கருப்பு போனபிறகு அந்த வீட்டில் அடுப்பெரிய இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் அண்ணன் மாட்டை மறந்துவிட்டு எங்காவது கட்டட வேலைக்குப் போகவேண்டியதுதான். அவர் முதுகு இருக்கும் நிலைக்கு அதுவும் நடக்காது.

அண்ணனும் தம்பியும் மட்டும் டீக்கடையில் பழையபடி சந்தித்துக்கொண்டார்கள்.

"அண்ணி நெஜமாவே அப்படி நினைக்கிறாங்களாண்ணே?"

"அவ நினைக்கிறதை நான் எங்கடா தடுக்க? நீ டீயைக் குடி."

"நீ என்ன நினைக்கிற?"

அண்ணன் டீயை ஆற்றினார், மேலும் ஆற்றினார். தம்பி குடிக்காமல் எழுந்து போனான்.

பிறகு ஒரு மான் செத்தது. தொட்டியிலிருந்து கொஞ்ச தூரத்தில், கொல்லையில், மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. வட்டமடித்த காக்கைகளைப் பார்த்துக் காட்டுக் காவலர் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். மானைச் சுற்றி வந்தார், தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது யார் வீட்டுத் தொட்டி?"

"பொதுங்க. ரெண்டு வீட்டுக்கும்," என்றார் அண்ணன்.

"அப்ப ரெண்டு வீட்டு மேலயும் எழுதிக்கிறேன்."

மூத்தவள் முன்னால் வந்தாள். "எங்களை எதுக்கு எழுதணும்? நாங்க இந்தத் தொட்டித் தண்ணியைத் தொட்டே பல நாள் ஆச்சு. யாரை வேணா கேளுங்க."

"ஓஹோ. பின்னாடியே தொட்டியை வச்சிக்கிட்டுத் தெருக் குழாயில சுமக்குறீங்களோ?"

"ஆமா, சுமக்குறேன். அதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. இந்தத் தண்ணி ஆகாதுன்னு மான் சாகறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அதைத்தான் கேக்குறேன்."

அவள் பதில் இல்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். அந்தப் பக்கத்தில் வெகு நாளைக்குப் பிறகு குரல் கேட்டது.

"மயிலை, கேட்டியாடி? ஊரையே கேள்வி கேட்டவங்களைக் கேள்வி கேக்க ஆள் வந்தாச்சு!"

காவலரை வரவழைத்ததே இளையவள்தான் என்று மூத்தவள் அந்த நிமிஷமே முடிவுகட்டிவிட்டாள். காக்கை என்று ஒன்று வானத்தில் இருப்பதை அவளுக்கு நான் எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு அடி வாங்க ஆசையில்லை.

மானைச் சோதிக்கக் காவலர் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், எப்போதும் கத்திப் பேசும் குரல். ஊர் ஊராகக் கொட்டகைகளில் கத்திக் கத்தி அப்படி ஆகியிருக்கும். அவர் மானின் காதைத் திருப்பினார். காதுக்குள் ஆமணக்குக் கொட்டையைக் கொட்டிவைத்ததுபோல உண்ணி. வயிற்றடியில், வால் இடுக்கில், கண் ஓரத்தில்கூட உண்ணி.

"விஷமா மேடம்?" என்றார் காவலர்.

"ரத்தம் எடுத்திருக்கேன், பாத்துட்டுச் சொல்றேன். இவ்வளவு உண்ணி உறிஞ்சின மானுக்கு எவன் மெனக்கெட்டு விஷம் வைப்பான்?"

"இவங்க மாட்டுலேருந்துதான் எங்க மானுக்கு ஏறியிருக்கும்."

"ஏன், உங்க மானுலேருந்து எங்க மாட்டுக்கு ஏறாதா?" என்றாள் மூத்தவள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. உண்ணிக்கு உங்க மானு எங்க மாடுங்கிற கணக்கெல்லாம் தெரியாது. சூடா ஒரு ரத்தம் பக்கத்துல வந்தா ஏறிக்கும்."

அண்ணன் அதற்குள் பெண்டாட்டி பக்கம் திரும்பாமலே டாக்டரம்மாவின் பக்கத்தில் போய்ச் சொன்னார்: "முதல்ல எங்க கருப்பு செத்துச்சு, இப்ப செவலையும் நேத்துலேருந்து தீனி எடுக்கலைங்க. கொஞ்சம் பாத்துடுங்க."

மூத்தவள் முறைத்தாள். ஆனால் செவலை அந்த நேரம் நின்ற நிலையில் அவளும் தடுக்கவில்லை. டாக்டரம்மா அதன் தோளுக்கு முன்னால் தடவினார். தோலுக்கடியில் கோழிமுட்டை அளவில் ஒரு கட்டி. கண் இமையைக் கீழே இழுத்தார். சிவப்பாக இருக்கவேண்டிய உள்பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது. மடியைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் அதே ஆமணக்குக் கொட்டைகள்.

"முதல்ல ஒண்ணு செத்துச்சுன்னு சொன்னீங்களே, அது எப்படிச் செத்துச்சு?"

"நுரை தள்ளி," என்றாள் மூத்தவள். அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னாள்.

"தள்ளத்தான் செய்யும். நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா மூக்கு வழியா நுரையா வரும். இது உண்ணிக் காய்ச்சல்மா. உண்ணி கடிக்கும்போது ஒரு கிருமி ரத்தத்துல இறங்கும். இறங்கி ரத்தத்தையே அழிக்கும். காய்ச்சல் கண்ட அன்னைக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா அந்த மாடும் பொழைச்சிருக்கும்."

"நான் தினம் கழுவுறேன் டாக்டரம்மா. தெருவுல யாரை வேணா கேளுங்க, என் கொட்டகை மாதிரி சுத்தம் எங்கயும் பாக்க முடியாது."

"தண்ணி ஊத்தினா உண்ணிக்கு என்ன? அது சுவர் வெடிப்புல முட்டை விட்டு வச்சிருக்கு. சரி, இத்தனை வருஷம் இல்லாதது இப்ப ஏன் வந்துச்சு? கொட்டகையில என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே."

டாக்டரம்மாவின் கண் தகரத்தில் போய் நின்றது. அண்ணன் தகரத்தைத் தட்டிக் காட்டினார்.

"முன்ன தம்பி வீட்டுக் கோழி இங்கதான் கெடக்கும்ங்க. மத்தியானம் மாடு படுத்திருக்கும்போது தொடையிடுக்கு, கழுத்து எல்லாம் கொத்திக்கிட்டே இருக்கும். செவலை அதுக்குன்னே காலைத் தூக்கிக் குடுக்கும். தகரம் அடிச்சதுலேருந்து வர்றதில்லை."

"அது கொத்தினது உண்ணியைத்தாங்க," என்றார் டாக்டரம்மா. "கோழி இருந்தா இந்த நோயே வந்திருக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். மான் வந்து படுக்குது, வெயிலும் இப்படி அடிக்குது. ஆனா ஏறினதைப் பொறுக்கித் தின்ன ஆள் இருந்துச்சு. அதை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டீங்க."

மூத்தவள் முகத்தை அப்போது பார்க்கச் சகிக்கவில்லை. அடிபட்டதுபோல இருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். ஆனால் இளையவள் மயிலையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழிகள்தான் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

ஊசி போட்டும் செவலை தேறவில்லை. மறுநாள் படுத்துவிட்டது. மான் செத்ததும் உண்ணிக் காய்ச்சலால்தான் என்று காவலரிடம் சொல்லிவிட்டு வந்த டாக்டரம்மா, செவலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மருந்து கிருமியைக் கொன்னுடும். அதுவரைக்கும் மாடு தாங்கணுமே. உடம்புல ரத்தமே இல்லை. ரத்தம் ஏத்தினா ஒரு வழி இருக்கு."

"மாட்டுக்கா? யார் ரத்தம்?" என்றார் அண்ணன்.

"உங்க ரத்தமா ஏத்த முடியும்? இன்னொரு மாட்டு ரத்தம்தான். நேத்தே பக்கத்து மயிலைக்கும் ஒரு சொட்டு எடுத்துப் பாத்தேன், சுத்தமா இருக்கு. போய்க் கேளுங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஏத்தணும்."

அண்ணன் கிளம்பினார். மூத்தவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். புடவையில் ஒட்டியிருந்த சாணியைத் தட்டிவிட்டு, வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடந்து அடுத்த வாசலில் ஏறினாள். எட்டி வைத்தால் வந்துவிடும் தூரம். அன்று அது அவளுக்கு எவ்வளவு தூரமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கனக்கிறது.

இளையவள் முற்றத்தில் உட்கார்ந்து பால் கேன் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்கக்கா. வீடு அடையாளம் தெரிஞ்சுதா?"

"மயிலை ரத்தம் வேணும்."

"விஷக்காரி வீட்டு மாடு. அந்த ரத்தம் ஒத்துக்குமா உங்க மாட்டுக்கு?"

"ஒத்துக்கும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அது வயித்துல கன்னுக்குட்டியோட சாகக் கெடக்குது. இப்பப் போய் என்னை எதுக்குடி கேக்குற?"

இளையவள் நார்ச் சுருளைக் கீழே போட்டாள். கண் கலங்கிவிட்டது. நனைந்த புறங்கையால் துடைத்தாள்.

"எடுத்துக்கட்டும். டாக்டரம்மாவை இங்க வரச் சொல்லுங்க, இப்படி நிழல்ல கட்டறேன்."

அதோடு மூத்தவள் திரும்பி வந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். அவள் நின்றாள்.

"இங்க வேண்டாம். மயிலையை எங்க கொட்டகைக்கு ஓட்டிட்டு வா."

"ஏன்?"

"எடுக்கறது என் கண்ணு முன்னாடி எடுக்கட்டும்."

இளையவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பின்னாலேயே வந்த டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார்: "அறிவிருக்காம்மா? அந்தக் கொட்டகைக்கு இன்னும் மருந்தே அடிக்கலை. வெடிப்பு பூரா உண்ணி. அதுக்குள்ள போய் நல்ல மாட்டைக் கட்டச் சொல்றீங்க. ரத்தத்தைப் பையில பிடிச்சு நானே தூக்கிட்டு வர்றேன்."

"பை இங்கேருந்து அங்க வர்றதுக்குள்ள என்ன கலந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது எப்படிப்பட்ட பேச்சு என்று தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். உள்ளேயிருந்து வந்த தம்பி மயிலையின் கயிற்றை அவிழ்த்தான்.

"கொஞ்ச நேரம்தான டாக்டரம்மா. அண்ணி திருப்திக்கு அங்கயே எடுங்க. மாடு பொழைக்கட்டும், இதுக்கு மேல பேச எனக்குத் தெம்பில்லை."

மயிலையைச் செவலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். கழுத்து மயிரை மழித்து, தடித்த ஊசி ஏற்றி, டாக்டரம்மா பைகளைத் தரையில் வைத்து ஆட்டி ஆட்டி நிரப்பினார். நிரம்பிய பையைக் கூரைக் கழியில் கட்டித் தொங்கவிட்டதும் குழாய் வழியாகச் செவலைக்கு இறங்க ஆரம்பித்தது. மூத்தவள் பையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இளையவள் தன் மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். மயிலை சலிப்போடு காலை மாற்றி மாற்றி வைத்தது, சுவரில் உடம்பைச் சாய்த்துத் தேய்த்தது. "சாயாதேடி," என்று இளையவள் இழுத்துப் பிடித்தாள். மயிலை மறுபடியும் சாய்ந்தது.

செவலை பிழைத்துக்கொண்டது. முதலில் காதை ஆட்டியது, பிறகு தலையைத் தூக்கியது, உப்பும் சர்க்கரையும் போட்ட வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீரை உறிஞ்சியது. முழங்காலை ஊன்றி அது எழுந்த அன்று அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். பிறகு வேலை தொடங்கியது. வைக்கோலை எல்லாம் வெளியே இழுத்துக் கொளுத்தினார்கள். சுவர் வெடிப்புகளை நெருப்புக் குழாயால் சுட்டு, சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார்கள். மூத்தவள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மூலை மூலையாக மருந்து அடித்தாள். மீதி உண்ணிகளைக் கையால் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டாள். தகரத்தை அண்ணன் பிடுங்கி எறிந்தார். அவர் எதிர்பார்த்தபடி கோழிகள் வரவில்லை. இளையவள் அவற்றின் மேல் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். மயிலை தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோளுக்கு முன்னால் கட்டி. டாக்டரம்மா வந்து ஊசி போட்டுவிட்டு யாரையும் திட்டவில்லை. அவர் திட்டாமல் போனதுதான் பயமாக இருந்தது. அத்தனை ரத்தம் கொடுத்த உடம்பு, தாங்குமா என்று கேட்டதற்கு, "வாய் வழியா ஏதாவது இறங்கிட்டே இருக்கணும். இறங்கினா பாக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

இளையவள் கத்துவாள் என்று தெருவே காத்திருந்தது. மூத்தவளும் காத்திருந்தாள். தகரம் இல்லாத இடைவெளியில், கத்தினால் வாங்கிக்கொள்ளத் தயாராக, வேலை இல்லாத நேரத்திலும் நின்றாள். இளையவள் கத்தவில்லை. மாட்டிடமும் எதுவும் சொல்லவில்லை. பச்சைத் தண்ணீர் வாளியை மயிலையின் வாயருகே பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். மயிலை தலையைத் திருப்பிக்கொண்டது.

"என்னைத் திட்டித் தொலைச்சாலும் பரவாயில்லையே," என்றாள் மூத்தவள் என்னிடம், பால் அளக்கும்போது. அன்றைக்கு அளவு தவறி அரைச் செம்பு கூடுதலாக ஊற்றிவிட்டாள்.

ஒருநாள் காலையில் அவள் செவலைக்கு வைத்த மாதிரியே கஞ்சித் தண்ணீர் காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஆற்றி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"இதைக் குடுத்துப் பாரு. செவலை இதுலதான் எழுந்துச்சு."

"வச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தாள். தன் பக்கத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, இளையவள் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு முகம் சிவந்தது. அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை என்று அண்ணன் சொன்னார். அவர் கேட்டதற்கு, "கொட்டினா கொட்டட்டும். நானா இருந்தா வாளியையே உடைச்சிருப்பேன்," என்றாளாம்.

மறுநாளும் காய்ச்சிக் கொண்டுபோனாள். அதையும் இளையவள் கொட்டினாள். இந்தத் தடவை மூத்தவள் பார்க்கும்போதே, அவசரமில்லாமல் கொட்டினாள்.

அதற்கும் அடுத்த நாள் மயிலை கழுத்தைத் தரையில் போட்டுவிட்டது. மூச்சு விலாவில் ஓடியது. நாங்கள் சிலபேர் முற்றத்தில் நின்றோம். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூத்தவள் வாளியோடு வந்தாள். இளையவள் எழுந்து வழியை மறித்து நின்றாள்.

மூத்தவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வாளியை இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பில் வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்தாள். மாட்டுக்குக் காய்ச்சிய கஞ்சி, தவிட்டு வாடை அடிக்கும் வாளி. மடக் மடக்கென்று குடித்தாள். கஞ்சி தாடையில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. புரையேறியது. இருமினாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, இருமலால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணன் ஓடிவந்து பாதியில் நின்றுவிட்டார்.

இளையவள் கை நீட்டி வாளியைப் பிடித்தாள்.

"போதும்க்கா. மாட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."